இடது பக்கம் மெல்லுகிறவள்

மார்ச் 4

பல் கிளினிக்கின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்துகொண்டு ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறேன்: வலியைத் தள்ளிப்போடாதீர்கள், அப்புறம் பல்லே போய்விடும் என்று. என் வலது கடைவாய்ப் பல்லில் ஓட்டை. மாதக்கணக்கில் இடது பக்கமே மெல்லுகிறேன். மூன்று முறை என் பெயருக்கு நேரம் குறித்தேன். நானே அழித்து அண்ணனுக்கும், அண்ணன் மாமியாருக்கும், அண்ணன் வீட்டில் குடியிருப்பவருக்கும் கொடுத்தேன். பெரிய வள்ளல்.

மார்ச் 6

மகள் வாசனை மெழுகுவர்த்தி வாங்கி வந்தாள். "இதை ஏத்தி வச்சுட்டு கொஞ்ச நேரம் உனக்காக இரும்மா."

இருந்தேன். கணவர் எட்டிப் பார்த்து, கரண்ட் போய்விட்டதா என்று கேட்டார். பல் மணக்க மணக்க வலித்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மார்ச் 7

டாக்டரம்மா எக்ஸ்ரேயைப் பார்த்தார். "வியாழக்கிழமைக்குள்ள வந்தா பல்லைக் காப்பாத்தலாம். இல்லேன்னா பிடுங்கிடுவேன். அப்புறம் எங்கிட்ட வந்து அழக்கூடாது."

வியாழன் மாலை நாலு மணி. குறித்துவிட்டேன். என்னைக் கவனித்துக்கொள்வது என்றால் என்னவென்று மகளுக்குச் சொல்ல ஒன்று கிடைத்தது: பெயரை எழுதிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பது. இதுவரை நான் செய்ததிலேயே கஷ்டமான வேலை.

மார்ச் 12

அண்ணன் போன். எடுக்கவில்லை. கை துறுதுறுத்தது. எடுக்கவில்லை.

மார்ச் 13

நாலு மணிக்குச் சற்று முன்னால் அண்ணனே நேரில் வந்து நின்றான், தாடையைப் பிடித்துக்கொண்டு.

"லேசா கூசுது. உன் டைமை எனக்குக் குடுத்துடு. நீ இங்கயேதானே இருக்கே, எப்ப வேணா பாத்துக்கலாம்."

எப்ப வேணா! நாற்பத்தெட்டு வருஷமா என் டைமுக்கு அதுதானே பேரு? முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது — பொய் எதற்கு, இல்லவே இல்லை.

"சனிக்கிழமை காலியா இருக்குண்ணா. அதுவரைக்கும் இடது பக்கமா மெல்லு. பழகிடும்."

உள்ளே போய் நாற்காலியில் சாய்ந்து வாயைப் பிளந்தேன். தங்கச்சிக்குத் திமிர் ஏறிவிட்டது என்று கூடத்தில் இருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான். வாய் நிறையப் பஞ்சு. இல்லாவிட்டால் நானும் ஆமாம் போட்டிருப்பேன்.

வீட்டுக்கு வந்தபோது பாதி முகம் மரத்திருந்தது. எது கேட்டாலும் கன்னத்தைக் காட்டினேன். கணவர் தானே சமைத்தார். அண்ணன் போனை எடுத்த மகள், அம்மாவால் பேச முடியாது என்று சொல்லி வைத்துவிட்டாள். அடடா, இப்படி ஒரு வழி இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே!

மார்ச் 15

ஊசியின் மரமரப்பு அன்றைக்கே போய்விட்டது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. எதிர்வீட்டில் மாமியார்-மருமகள் சண்டை. விசாரிக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்ததுதான் உண்மையான வேதனை.

இன்று சனிக்கிழமை; கிளினிக்குக்கு வந்த அண்ணன் நான் பேசுவதைக் கேட்டுக் கண்டுபிடித்துவிட்டான். "பேச முடியலைன்னாங்க?"

"வீட்லதான் முடியலைண்ணா. உட்காரு, கூப்பிடுவாங்க."

மார்ச் 30

பல்லுக்கு மேல்மூடி போட்டாயிற்று. வறுத்த வேர்க்கடலையை வலது பக்கமாக மென்றுகொண்டிருக்கும்போது போன் அடித்தது. அண்ணன்.

மென்று முடித்துவிட்டு எடுத்தேன்.