போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டேன்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் சின்னவள் வணக்கத்துடன் எழுதுகிறேன். முதுகுவலி குறைந்ததா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா? நான் சௌக்கியம்.

இப்போது பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் போன வாரம் என் வேலை போய்விடும் போலிருந்தது. நடக்க முடியாத பிள்ளைகளுக்கான எங்கள் இல்லத்துக்கு நன்கொடை கொடுத்து நிறுத்திவிட்டவர்களைப் போனில் அழைத்துப் பேசுவதுதான் என் வேலை. எனக்கோ புது ஆள் குரல் கேட்டாலே வாய் ஒட்டிக்கொள்ளும். "இந்த வாரமும் ஒருத்தர்கூட சம்மதிக்கலைன்னா நீ ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான்" என்று மேனேஜர் அக்கா சொல்லிவிட்டார்.

அச்சகம் நடத்தும் ஓர் அம்மாவை அழைத்தேன். "பணம் வேணும்னாதான் உங்களுக்கு என் ஞாபகம் வரும்!" என்று சீறினார். போனை வைக்கும் அவசரத்தில், வீட்டுப் பழக்கத்தில், "சரிம்மா, போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "போன்ல எங்கடி போயிட்டு வருவ? சொல்லிட்டல்ல, நாளைக்கே வா."

போனேன். பணம் கேட்க நா எழவில்லை. பிள்ளைகளின் குறும்புகளைத்தான் சொன்னேன். "கேட்டவங்க நிறைய பேர். சொன்னபடி வந்தவ நீ ஒருத்திதான்" என்றார். நேற்று இல்லத்துக்கு வந்து, பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேனே வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டார், அப்பா! மேனேஜர் அக்கா என்னைத் தூக்கிச் சுற்றினார்.

அம்மாவின் பழைய புடவை ஒன்று அனுப்புங்கள், துவைக்காமல். கடைப் போர்வையில் தூக்கம் வரவில்லை.

போன் அடிக்கிறது. மற்றவர்கள் எடுக்கட்டும் என்று முன்பெல்லாம் இருப்பேன். இதை நான்தான் எடுக்கப்போகிறேன்.

உங்கள் மகள்