வலை கட்டாத காலை

சுகந்தி,

கனடாவில உன்ர அக்கா வீட்டுப் பக்கம் குளிர் தொடங்கியிருக்கும். நீ எப்ப வருவாய் என்று கேட்க இதை எழுதல்ல.

ஒரு நல்ல செய்தி. வாவியின்ர ரெண்டு கரையிலும் வேற வேற மாதிரிப் பாடுமே குண்டுக்கரிச்சான் குருவி, நாம ரெண்டு பேரும் அதுகளைப் பிடிச்சு எடுத்த அந்த இரத்தத்தில மரபணுவை ஆய்வுகூடத்தில முழுசா வாசிச்சு முடிச்சிட்டாங்களாம். ஒரே இனமா இருந்ததுகள் எந்தக் காலத்தில பிரிஞ்சதுகள் என்று இனித் தெரிஞ்சிடும். இனிமேல் பறவை பிடிக்கத் தேவையில்லையாம்.

மண்டூரில நீ பதிவு செய்த பாட்டைப் போட்டுத்தான் இவ்வளவு நாளும் குருவிகளை வலைக்குக் கூப்பிட்டன். பாட்டு முடியிற இடத்தில, "அசையாதீங்க, அந்தா வந்திட்டு" என்று நீ மெதுவாச் சொல்றாய். அந்தத் துண்டை வெட்டிவிடச் சொல்லி என்ர மாணவர்கள் கேட்டாங்க. பறவைக்கு அது இடைஞ்சல் இல்லை என்று சொல்லிட்டன்.

இண்டைக்குக் காலையில வலையில்லாமப் போய் அதே பாட்டைப் போட்டன். ஆண்குருவி சண்டைக்கு வந்து, ஸ்பீக்கரைச் சுத்திச் சுத்தித் தேடிச்சு. பாவம், அங்க பாடினவன் ஒருத்தனும் இல்லை.

பிறகு உன்ர குரல் வந்தது. நான் அசையல்ல.

மண்டூர்க் கரையிலிருந்து,
நான்