மேனேஜர் பிடுங்கிய பிளக்

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் பேசினால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன், மன்னியுங்கள். கால் வீக்கம் வடிந்ததா?

ஏற்காட்டில் தினமும் இடி. நான் வேலை பார்க்கும் லாட்ஜில், அறை பதிவு செய்யும் வெப்சைட்டை அலுவலகத்திலேயே உள்ள சர்வர் கம்ப்யூட்டரில் நிறுவினேன். இடி கேட்டதும் மேனேஜர் பிரபாகர் டிவியோடு சர்வர் பிளக்கையும் பிடுங்கிவிடுகிறார். வெப்சைட் நின்றதும், தங்க வந்தவர்கள் முன்னால் என்னைத் திட்டுகிறார். அந்த ஆளைக் கண்டாலே எரிகிறது. நேற்று சர்வரை, கரண்ட் இல்லாமலும் ஓடும்படி யுபிஎஸ் பேட்டரியோடு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

"சாவியக் குடு. படிச்ச திமிரா?" என்றார்.

"மழ முடியட்டுங்க, தர்றேன்."

"உங்கொப்பனுக்குப் போன் போட்டு, ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்றேன் பாரு!"

கவலைப்படாதீர்கள். குளிருக்கு அம்மாவின் கம்பளியைப் பஸ்ஸில் கொடுத்துவிடுங்கள்.

அவர் கூப்பிட்டால், என்னை அழைத்துப்போக வரமாட்டேன் என்று சொல்லிவிடுங்கள் அப்பா.

கவிப்பிரியா