இஸ்திரிப் பெட்டியின் மேல் போட்ட பழி

என் கண்ணுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், வேளைக்குச் சாப்பிடுகிறோம், அதற்கு மேல் நலம் என்று எழுதப் பேனா ஓடவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நீயும் உன் அறைத்தோழியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். போனில் பேசாமல் எழுதுகிறாளே என்று பதறாதே. போனில் நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் நீ சரிம்மா சரிம்மா என்பாய், நானும் தைரியம் போய் வைத்துவிடுவேன். தபால் நான்கு நாளில் வந்துவிடும் என்று அப்பா கேட்டுக்கொண்டு வந்தார், மாதம் முடிய இன்னும் பதினொரு நாள் இருக்கிறது, அதனால் அவசரம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அவசரமாக எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சிரித்துக்கொண்டே சொன்னாய், காலையில் எழுந்தால் மோதிர விரல் மடங்கியபடியே மாட்டிக்கொள்கிறது, மற்ற கையால் இழுத்தால் டக்கென்று நிமிர்கிறது, இப்போது இடது கையிலும் இரண்டு விரல் அப்படித்தான் என்று. நாள் முழுக்கப் பல் கட்டும் லேபில் உட்கார்ந்து மெழுகைச் செதுக்கிச் செயற்கைப் பல் செய்தால் வேறு என்ன ஆகும், இந்த மாதக் கடைசியில் ராஜினாமாக் கடிதம் கொடுக்கப் போகிறேன் என்றும் சொன்னாய். நானும் ஒரு நிமிடம் யோசிக்காமல், விட்டுத் தொலை, கையை விடவா வேலை பெருசு என்றேன். அந்த வார்த்தையைத் திரும்பப் பெறத்தான் எழுதுகிறேன். போனை வைத்த பிறகு அப்பா என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவகிட்ட சொல்லாம அவளுக்கு யோசனை மட்டும் சொல்றியே, இது நல்லாவா இருக்கு என்று கேட்டார். ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். நீ எழுதலைன்னா நானே போன் போட்டு உடைச்சுடுவேன் என்று நேற்று மிரட்டலும் வந்துவிட்டது.

விஷயம் இதுதான். எனக்கும் அதே விரல் மாட்டியது, போன வருஷம். சலவைக் கடையில் ஒரு வக்கீலின் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன், பெட்டியைத் தூக்கி வைக்கப் போனால் மோதிர விரல் கைப்பிடியை விட்டுப் பிரியவில்லை, அதை இழுப்பதற்குள் சட்டை முதுகில் பெட்டியின் வடிவம் அப்படியே பதிந்துவிட்டது. துணி மடிக்கிற அக்கா ஓடி வந்து, பெட்டிதான் கனம், இருபது வருஷமா இதைத் தூக்குறே, விரல் என்ன இரும்பா என்றாள். முதலாளி பாவம், திட்டாமல் எடை குறைந்த பெட்டி ஒன்று வாங்கிப் போட்டு மூன்று வாரம் விடுப்பும் கொடுத்தார். நானும் ஊரைக் கூட்டிப் பெட்டியைத் திட்டினேன். உன்னிடம்கூடப் போனில் சொன்னேனே, கை வலி, கடையில் கனமான பெட்டி என்று, அவ்வளவுதான் சொன்னேன். வீட்டில் சும்மா இருந்த அந்த மூன்றாவது வாரத்தில், ஒரு துணிகூடத் தேய்க்காத நேரத்தில், இடது கை நடுவிரல் மாட்டிக்கொண்டது. இடது கை என்றைக்குப் பெட்டி பிடித்தது கண்ணு? துணியைத் தடவி விடுவதோடு சரி.

அப்போதுதான் கை டாக்டரிடம் போனேன். சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும். விரலை மடக்குகிற நரம்பு என்று நாம் சொல்கிறோமே, அது நரம்பு இல்லையாம், தசையையும் எலும்பையும் இணைக்கிற நாராம், அது ஒரு குழாய்க்குள் போய் வருகிறது, நார் தடித்தாலோ குழாய் இறுகினாலோ மாட்டிக்கொள்கிறது என்று பேனா மூடியில் நூலை விட்டுக் காட்டினாள். பிறகு என் வேலையைப் பற்றி ஒரே ஒரு கேள்வி, மற்றதெல்லாம் வேறு. வயது என்ன, தைராய்டு உண்டா, மூட்டு வீங்குமா, வீட்டில் யாருக்காவது சர்க்கரை உண்டா. பெண்களுக்குத்தான் அதிகம் வரும், நாற்பது தாண்டினால் இன்னும் அதிகம், குழந்தை பெற்ற புதிதில் தூக்கித் தூக்கிக் கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் வலிப்பது இதன் தங்கை மாதிரி என்றாள். கையை அழுத்திப் பிடித்துச் செய்கிற வேலையும் ஒரு காரணமா இருக்கலாம், ஆனா ரெண்டு கையிலயும் வருதுன்னா நான் கையை மட்டும் பார்க்க மாட்டேம்மா, ரத்தத்தைப் பார்ப்பேன் என்றாள். சர்க்கரை எங்கக்காவுக்கு உண்டு, ஆனா அவ இனிப்பை விட மாட்டா, நான் அப்படி இல்லை என்று ஜம்பமாகச் சொன்னேன். மூன்று மாதச் சராசரி என்று ஒரு எண் வந்தது, ஆறரையைத் தொட்டாலே சர்க்கரை என்று எழுதியிருந்த இடத்தில் எனக்கு ஒன்பது புள்ளி ஒன்று.

எட்டு மாதம் ஆகிறது. முதலில் உனக்குத் தேர்வு என்று சொல்லவில்லை, பிறகு புது வேலை என்று சொல்லவில்லை, பிறகு சொல்லாததைப் பற்றி என்ன சொல்வது என்று தெரியாமல் சொல்லவில்லை. வெட்கமும்தான். பத்து வருஷமாக உன் பெரியம்மாவை வாயைக் கட்டு வாயைக் கட்டு என்று பிடுங்கியவள் நான். கேள்விப்பட்டு வந்தவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, நான் வாயைக் கட்டலை சரி, நீ எதைக் கட்டாம விட்டே என்றாள். இப்போது மாத்திரை, தினம் நடை, எண் ஏழுக்கு வந்திருக்கிறது, ஓர் ஊசியில் வலது விரலும் திறந்துவிட்டது, இடது இன்னும் முரண்டு பிடிக்கிறது. என்னைப் பற்றிக் கவலைப்படாதே.

உன்னைப் பற்றித்தான். இருபத்தாறு வயதில் மூன்று விரல், இரண்டு கையிலும். நேற்று அந்த டாக்டர் பெண்ணிடம் கேட்டேன். வேலையா இருக்கலாம், சர்க்கரையா இருக்கலாம், தைராய்டா இருக்கலாம், ரெண்டு மூணு சேர்ந்தும் இருக்கலாம், பார்க்காம நான் சொல்ல மாட்டேன், உங்க பொண்ணும் சொல்லக் கூடாது என்றாள். அந்த வேலைக்காக நீ நான்கு வருஷம் படித்தாய். செய்த முதல் பல்லை டப்பாவில் போட்டு எனக்கு அனுப்பியவள். வேலைதான் காரணம் என்றால் விட்டுவிடு, நான் தடுக்க மாட்டேன். ஆனால் காரணம் உடம்பில் இருந்தால், வேலையை விட்டுவிட்டு நோயைக் கூடவே கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவாய், பல் செய்யாத நாளிலும் விரல் மாட்டும், அப்போது திரும்பிப் போக வேலை இருக்காது. இதை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் இல்லை. உனக்கு என் மூக்கு வந்தது, என் பிடிவாதம் வந்தது, இது மட்டும் வராமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே இருக்கிறேன்.

கடிதம் கிடைத்த மறுநாளே அரைநாள் விடுப்பு எடு. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் போய் ரத்தம் கொடு, சர்க்கரையும் தைராய்டும் இரண்டும் பார்க்கச் சொல். விரலுக்கு ஊசி போடச் சொன்னால் ரத்தம் கொடுத்த பிறகு போட்டுக்கொள், அந்த ஊசி சில நாள் சர்க்கரையை ஏற்றிக் காட்டுமாம். எங்க அம்மாவுக்கு உண்டு, பெரியம்மாவுக்கும் உண்டு என்று கூசாமல் சொல். அதுவரை ராஜினாமாக் கடிதம் பையிலேயே இருக்கட்டும். எங்கள் இருவர் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு, நீ கை நிறைய வேலையும் மனம் நிறைய நிம்மதியுமாக நெடுநாள் வாழ வேண்டும். முடிவு வந்ததும் ஒன்றும் இல்லைம்மா என்று சொல்லாதே. எண்ணைச் சொல். அது எதுவாக இருந்தாலும் நான் உட்கார்ந்துகொண்டுதான் கேட்பேன், அப்பா பக்கத்தில் இருப்பார்.

இப்படிக்கு,
எட்டு மாதம் மறைத்ததற்கு மன்னிப்புக் கேட்கும்
உன் அம்மா