மூன்று மடங்கும் எட்டு மடங்கும்

6 ஜூன் 1994, திங்கள்

காலையிலிருந்தே மேற்கே மலை மூடிக்கிடக்கிறது. சாரல் இல்லை, காற்று மட்டும். பாய்லர் எட்டரைக்குத்தான் சூடு பிடித்தது. மதுரை ஆஸ்பத்திரிக்கு 40 பெட்டி பேண்டேஜ் துணி போக வேண்டும். 26 தான் தயார்.

செய்ய வேண்டியவை: ஸ்டெரிலைசர் கதவுக்கு வாஷர். லேபிள் அச்சு. குடைக் கம்பி. பேச்சியம்மாளுக்குக் கண் டாக்டரிடம் போக லீவு.

பதினொரு மணிக்கு அண்ணன் ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். தம்பி டேவிட் இருந்தான். மதுரை ஆடிட்டரும் இருந்தார். மதினி கொடுத்தனுப்பிய காப்பி ஆறிப்போயிருந்தது. நான் வருவதற்கு முன்பே நெடுநேரம் பேசியிருக்கிறார்கள்.

"எஸ்தரு, ஒக்காரு. உன் பங்கை நாங்க ரெண்டு பேரும் வாங்கிக்கிடலாம்னு இருக்கோம். உனக்கும் வயசாவுது. எதுக்கு இந்த வேக்காட்டுல கெடக்கணும்?"

எனக்கு 43. அண்ணனுக்கு 51. அவருக்கு வயசாகவில்லையாம்.

அப்பா எழுதி வைத்தது மூன்று பேருக்கும் சமம், மூன்றில் ஒன்று. அண்ணன் ஆர்டர் பிடிக்கிறார். டேவிட் பாங்க், வரி. வெளுப்பது, ஸ்டெரிலைஸ் செய்வது, பெட்டி போடுவது எல்லாம் நான். பத்தொன்பது வருஷமாக.

விலை எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டேன். ஆடிட்டர் குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். "இதே மாதிரி கம்பெனிகள் எவ்வளவுக்கு வித்திருக்குன்னு பாப்போம்மா. அந்த விலை, அவங்க வருஷ லாபத்துல எத்தனை மடங்குன்னு கணக்குப் போடுவோம். அந்த மடங்கால நம்ம லாபத்தைப் பெருக்குனா நம்ம கம்பெனி விலை வந்துரும். உலகம் பூரா இப்படித்தான்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பக்கத்து வீடு போன விலையை வைத்து நம் வீட்டுக்கு விலை சொல்வது போல.

வருஷ லாபம் 4 லட்சம். மடங்கு 3. கம்பெனி 12 லட்சம். என் பங்கு 4 லட்சம்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் அண்ணன்.

சாயங்காலம் 38 பெட்டி. மீதி இரண்டு பெட்டி நாளைக்கு.

8 ஜூன், புதன்

கரண்ட் மூன்று தடவை போனது. மூன்று தடவையும் ஸ்டெரிலைசரில் இருந்த துணியை மறுபடி முதலிலிருந்து.

டேவிட்டிடம் கேட்டு அந்தக் காகிதத்தின் நகலை வாங்கினேன். "இதே மாதிரி கம்பெனிகள்" எவை என்று பார்த்தேன்.

1. தளவாய்புரம். நைட்டி தைக்கிற யூனிட். இரண்டரை மடங்கு.
2. ராஜபாளையம். தறி ஷெட், நெசவு மட்டும். நாலரை.
3. ஸ்ரீவில்லிபுத்தூர். பேண்டேஜ் துணி. இரண்டு.

கூட்டி மூன்றால் வகுத்தால் 3. கணக்கில் தப்பில்லை. ஆனால் நைட்டி? நைட்டியை யாராவது புண்ணில் வைத்துக் கட்டுவார்களா? தறி ஷெட்டில் நெய்து அப்படியே வெளுக்காத பச்சைத் துணியாக விற்றுவிடுகிறார்கள். அதை வாங்கி வெளுத்து, ஆவியில் வேக வைத்து, ஒரு கிருமி இல்லாமல் கட்டிக் கொடுப்பது நாங்கள். அதற்கு மருந்து லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸில் பொறுப்பாளர் என்று இருப்பது என் பெயர், கெமிஸ்ட்ரி படித்தவள் என்பதால்.

டேவிட்: "எல்லாம் துணிதானக்கா?"

"அப்பம் உன் வேட்டியக் கிழிச்சு ஆப்பரேசன் தியேட்டருக்கு அனுப்புதேன், சரியா?"

சிரித்துக்கொண்டே போய்விட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாவது கம்பெனிதான் புரியவில்லை. ஸ்ரீவி.யில் பேண்டேஜ் துணி என்றால் ஜைத்தூன் வீட்டுக்காரர் நடத்தியது ஒன்றுதான். ஜைத்தூனும் நானும் காலேஜில் ஒரே பெஞ்சு. நல்லா ஓடிய கம்பெனி. அது எப்படி இரண்டே மடங்குக்குப் போனது? சனிக்கிழமை போக வேண்டும்.

11 ஜூன், சனி

ஸ்ரீவி. பஸ்ஸில் நிற்க இடமில்லை. ஒரு கல்யாணக் கூட்டம். என் குடையின் பிடி உடைந்தது. (கம்பி மாற்றி மூன்று நாள்தான் ஆகிறது!)

ஜைத்தூன் இளைத்துப்போயிருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்தபடியே "வாங்கம்மா" என்றார். சட்டைப் பொத்தானுக்குள்ளே நெஞ்சில் நீளமாகத் தழும்பு.

சுற்றி வளைக்காமல் ஜைத்தூனிடம் கேட்டேன். இரண்டு மடங்குக்கு ஏன் விற்றீர்கள்?

"மடங்காவது ஒண்ணாவது. பத்து நாள்ல ஆப்பரேசன் பண்ணணும்னு சொல்லிட்டாக. நான் மதுரையில ஆஸ்பத்திரி பெஞ்சுல ஒக்காந்திருக்கேன். வாங்க வந்த ஆளு அங்கயே வந்துட்டாரு. வருசத்துக்குத் தொண்ணூறாயிரம் லாபம் வந்த கம்பெனி. ஒண்ணு எம்பது தாரேன், இப்பமே தாரேன்னாரு. அவிய மயக்கத்துல இருக்காக. நான் கையெழுத்துப் போட்டேன்." கட்டில் பக்கம் கை காட்டினாள். "அது கம்பெனிக்கு வெலயா எஸ்தரு? இவிய உசுருக்கு வெல."

ஒரு லட்சத்து எண்பதாயிரத்தைத் தொண்ணூறாயிரத்தால் வகுத்தால் இரண்டு. அதுதான் ஆடிட்டரின் "இரண்டு மடங்கு".

இன்னொன்றும் சொன்னாள். போன மாதம் ஆடிட்டர் ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து விவரம் கேட்டிருக்கிறார். எதற்கு, எப்படி விற்றது என்று இவள் எல்லாம் சொல்லியிருக்கிறாள். தெரிந்தேதான் எழுதியிருக்கிறார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை. ராஜபாளையம் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தேன்.

12 ஜூன், ஞாயிறு

கோயிலில் அண்ணன் முன்வரிசையில். பாட்டுப் புஸ்தகத்தைத் திறக்காமலே பாடினார். பிரசங்கம் என் காதில் ஏறவில்லை. மத்தியானம் படுத்துத் தூங்கப் பார்த்து, தூக்கம் வராமல் அலமாரி முழுவதையும் ஒதுக்கினேன்.

16 ஜூன், வியாழன்

எழுத உட்கார்ந்தது கோபத்தில்தான்.

காலையில் அண்ணன், "கோயம்புத்தூர்லருந்து ஒருத்தர் வாராரு, மெசின் விக்கிறவரு, சுத்திக் காட்டு" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். வந்தவர் பெயர் சுந்தரம். அவர் எதையும் விற்கவில்லை. ஒரு சுற்றுக்கு எத்தனை நிமிஷம், எத்தனை டிகிரி, கிருமி டெஸ்ட் எங்கே செய்கிறோம், இதைத்தான் கேட்டார். விற்க வந்தவன் கேட்கிற கேள்விகள் இல்லை. வாங்க வந்தவன் கேட்கிற கேள்விகள்.

கடைசியில் அவராகவே: "லைசென்ஸ் மாத்துற வரைக்கும் ரெண்டு வருசம் மேடம் கூட இருப்பாங்கன்னு உங்க அண்ணன் சொன்னாருங்க. அதனாலதானுங்க நாங்க இந்த விலைக்கே ஒத்துக்கிட்டோம்."

"எந்த விலைக்கு?"

நானும் டைரக்டர்தானே, எனக்குத் தெரியும் என்று நினைத்திருக்கிறார். ஃபைலைத் திறந்து நீட்டிவிட்டார். அதே ஆடிட்டர். அதே லெட்டர்ஹெட். அதே மாதம்.

பார்த்ததை மறக்கும் முன் எழுதுகிறேன்.

ஒப்பிட்ட கம்பெனிகள்: கோயம்புத்தூர் ஒன்று, ஏழரை மடங்கு. பம்பாய் ஒன்று, 9. மதுரை ஒன்று, ஏழரை. மூன்றும் ஸ்டெரிலைஸ் செய்கிற கம்பெனிகள். சராசரி 8.

நைட்டி இல்லை. தறி ஷெட் இல்லை. ஜைத்தூன் இல்லை.

லாபம் 4 லட்சம். அதில் 60,000 கழித்திருக்கிறது. ஏன் என்று பக்கத்தில் ஒரு வரி: "தற்போது உற்பத்தியைக் கவனிக்கும் குடும்ப உறுப்பினருக்குச் சம்பளம் கிடையாது. அவர் இடத்தில் வேறு ஆள் வைத்தால் ஆகும் செலவு." மீதி 3,40,000. எட்டு மடங்கு. 27,20,000.

என் பங்கு 9 லட்சத்துக்கு மேல் வர வேண்டும். எனக்கு 4 லட்சம் கொடுத்து ஒதுக்கிவிட்டு, மீதியை இரண்டு பேரும் பிரித்துக்கொள்ளப் பார்க்கிறார்கள்.

ஆனால் அதைவிட அந்த ஒரு வரி. பத்தொன்பது வருஷத்தில் என் வேலைக்குச் சம்பளம் என்று ஒரு எண்ணை எழுதியவர்கள் இவர்கள்தான். அதையும் எழுதியது கழிப்பதற்காக.

60,000 x 19 என்று போட்டுப் பார்த்தேன். அடித்துவிட்டேன்.

சுந்தரத்துக்கு மோர் கொடுக்கச் சொன்னேன். அவர் மேல் என்ன தப்பு?

17 ஜூன், வெள்ளி

ஆபீஸ் அறை. மூன்று பேர் முன்னும் எட்டு மடங்கைச் சொன்னேன். டேவிட் தரையைப் பார்த்தான். அவனுக்கும் தெரியும்! சின்ன வயதில் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள் நான்.

ஆடிட்டர்: "ஒப்பிடுற கம்பெனியைப் பொறுத்து மடங்கு மாறும்மா. அதுவுமில்லாம சின்னப் பங்குக்கு எப்பவும் விலை குறைச்சுத்தான் போடுவாங்க."

"மூணு பேருக்கும் மூணுல ஒண்ணு. இதுல யாரு சார் சின்னப் பங்கு?"

ஆடிட்டர் கண்ணாடியைத் துடைத்தார்.

"ஜைத்தூன் வீட்டுக்கு ஆளனுப்பிக் கேட்டீங்கல்ல? ஆஸ்பத்திரி பெஞ்சுல வச்சு வாங்குன வெலைன்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

அப்போது அண்ணன் வாயைத் திறந்தான். (இன்றைக்கு "ர்" போட மனசு வரவில்லை.) "சத்தம் போடாத எஸ்தரு. வெளியாளுக்கு ஒரு வெல, குடும்பத்துக்குள்ள ஒரு வெல. எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு, டேவிட்டுக்குப் பையன் படிக்கான். உனக்கு என்ன செலவு? புள்ளையா குட்டியா?"

கல்யாணம் பேசிய இரண்டு தடவையும் "பாய்லர் வாங்கியிருக்கோம், அடுத்த வருசம் பாப்போம்" என்று சொன்னது யார்? அதைச் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவேன். அழுதால் அவர்களுக்கு வசதி.

சொன்னது இது மட்டும்: "கோயம்புத்தூர்க்காரங்களுக்கு முழுக் கம்பெனியும் வேணும். என் கையெழுத்தும் வேணும், என் லைசென்ஸும் வேணும். ஒரே காயிதம், ஒரே மடங்கு, மூணு பேருக்கும். இல்லைன்னா ஒருத்தருக்கும் இல்ல."

வெளியே வந்தால் பேச்சியம்மாள் துணி மடிக்காமல் நிற்கிறாள். எல்லாம் கேட்டிருக்கிறது. "செத்த நேரம் ஒக்காருங்கக்கா, மொகமெல்லாம் செவந்து கெடக்கு" என்றாள்.

20 ஜூன், திங்கள்

சாரல். துணி மூட்டைகளுக்குத் தார்ப்பாய்.

கோயம்புத்தூருக்குப் பதிவுத் தபால். ஒரு பக்கம்தான். இரண்டு மதிப்பீடுகளும் எப்படி வந்தன, எவற்றோடு ஒப்பிட்டார்கள், நான் எதற்குச் சம்மதிப்பேன். திட்டவில்லை. மூன்று முறை எழுதியதில் முதல் இரண்டில் திட்டியிருந்தேன்.

மதினி இரண்டு நாளாகப் பேசவில்லை. சாப்பாடு மட்டும் மூடி வைத்திருக்கிறது. டேவிட் என்னைப் பார்த்தால் பைக்கைத் திருப்புகிறான்.

28 ஜூன், செவ்வாய்

பதில் வந்தது. எனக்குத் தனியாக, அண்ணனுக்குத் தனியாக. மூன்று பேருக்கும் ஒரே விலையில் நேரடியாகப் பணம் கொடுத்தால் மட்டுமே வாங்குவார்களாம். உள்ளே தகராறு இருக்கிற கம்பெனி தங்களுக்கு வேண்டாமாம்.

அண்ணன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டெரிலைசர் பக்கம் வந்து நின்றார். "கெடுத்துட்டியே எஸ்தரு. ஊரு முன்னால என்னைக் களவாணியாக்கிட்டியே."

"நான் ஆக்கலண்ணே."

மீட்டரைப் பார்க்க வேண்டியிருந்தது. 121 டிகிரி.

4 ஜூலை, திங்கள்

கையெழுத்து ஆயிற்று. ஒரே காகிதம். எட்டு மடங்கு. மூன்று பேருக்கும் ஒரே தொகை. ஆடிட்டர் வரவில்லை, உடம்பு சரியில்லையாம்.

சம்பளம் கழித்ததைக் கேட்டேன். இத்தனை வருஷமும் எனக்குக் கொடுக்காத அந்தச் சம்பளம் லாபத்தில் சேர்ந்திருந்ததே, அதில் பாதியாவது கொடுங்கள் என்று. அண்ணன் கேட்காதது போல எழுந்து போனார். டேவிட் மட்டும் வாசலில் நின்று, "அக்கா, நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்" என்றான். "ஆமா" என்றேன். இன்னும் ஏதாவது சொல்வேன் என்று நின்றான். நான் பாய்லர் பக்கம் போனேன்.

ஜெயித்ததாகத் தோன்றவில்லை. என்னுடையதைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். அதற்கே இவ்வளவு!

6 ஜூலை, புதன்

வெயில். ரொம்ப நாளைக்குப் பிறகு மலை முழுசாகத் தெரிந்தது.

சுந்தரம் வந்தார். நான் வேலையில் தொடர ஒரு விண்ணப்பப் படிவம். 43 வயதில் முதல் விண்ணப்பம். பெயர், படிப்பு, அனுபவம். "கடைசியாக வாங்கிய சம்பளம்" என்ற இடத்தில் கோடு போட்டேன். "எதிர்பார்க்கும் சம்பளம்" என்ற இடத்தில் மாதம் 8,000.

அவர் பேனாவை மூடினார். "ரிப்போர்ட்ல ஐயாயிரம்னு போட்டிருக்குங்களே மேடம்?"

"எந்த ஆளோட ஒப்பிட்டு ஐயாயிரம் போட்டாங்க?"

யோசித்தார். "தெரியலைங்க."

"வாங்க, நான் பாக்குற வேலை எத்தனை ஆளு வேலைன்னு காட்டுதேன். பொறவு நீங்களே எழுதுங்க."

படிவத்தை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார். வெளுக்கிற தொட்டியிலிருந்து ஆரம்பித்தோம்.