கித்தெங்கே முடிச்சு

ஸ்வான்சி
9 அக்டோபர் 2023

மதிப்புக்குரிய திருமதி ஜெனரோஸ் நபிந்து அவர்களுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வீட்டு ஹீட்டரைச் சரிசெய்தார்களா? தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரின் குரல்தான் கேட்கிறது, கடிதமாகவே எழுது என்று நீங்கள் சொன்னதால் என் பள்ளிக்கூடப் பிரெஞ்சில் எழுதுகிறேன். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செய்தி நல்லதாக இல்லை. உங்கள் அகதி மனுவை நிராகரித்ததை எதிர்த்து மேல்முறையீடு செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அரசின் சட்ட உதவிப் பணத்தில் நான் உங்களுக்காக வாதாட வேண்டுமென்றால், வழக்கு ஜெயிக்கப் பாதிக்குப் பாதியாவது வாய்ப்பு இருக்கிறது என்று நானே எழுதிக் கையெழுத்திட வேண்டும். கோப்பைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பாதிக்கும் குறைவு என்றுதான் எழுத வேண்டியிருந்தது. ஆகவே சட்ட உதவி கிடைக்காது. நீங்கள் வழக்கறிஞர் இல்லாமல்தான் நீதிபதி முன்னால் போக வேண்டியிருக்கும்.

என் முடிவு தவறு என்று நினைத்தால், எங்கள் அலுவலகத்துக்கு வெளியே உள்ள ஒரு பரிசீலகரிடம் முறையிடலாம். அதற்கான படிவத்தை இணைத்திருக்கிறேன். நிரப்பிக் கொடுத்தால் அனுப்பிவைப்பது என் கடமை.

மிகுந்த வருத்தத்துடன்,
நெரிஸ் பெய்னன்
வழக்கறிஞர்


13 அக்டோபர்

என் அன்பு மகள் நெரிஸுக்கு,

ஆண்டவர் உன்னையும் உன் பூனையையும் காக்கட்டும். ஹீட்டர் சரியாகவில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறேன். உன் பிரெஞ்சு பரவாயில்லை, கெட்ட செய்தி தெளிவாகவே புரிந்தது.

எங்கள் ஊர்க் கிவு ஏரிக்கரைச் சந்தையில் காலமெல்லாம் சம்பாசா மீன் விற்றவள் நான். என் மீன் நாறுகிறது என்று நானே கூவி ஒருநாளும் விற்றதில்லை. நீயோ என் வக்கீலாக இருந்துகொண்டே என் வழக்கு தேறாது என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறாய். அதை எதிர்க்கிற படிவத்தையும் நீயே மடித்து உறையில் வைத்து அனுப்புகிறாய். உங்கள் நாட்டில் சண்டைகூட மரியாதையாகத்தான் போடுகிறீர்கள். சரி, போடுவோம்.

முதலில் காரணத்தைச் சொல். எது பாதிக்குக் கீழே இறங்கியது? சுற்றி வளைக்காமல் எழுது. என்னைத் திருப்பி அனுப்பினால் அந்த ராணுவக் கொமாண்டரின் ஆட்கள் விமான நிலைய வாசலிலேயே நிற்பார்கள். அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

கோபத்திலும் உன்மேல் பாசம் குறையாத
ஜெனரோஸ்


17 அக்டோபர்

அன்புள்ள ஜெனரோஸ் அம்மா,

ஹீட்டர் விஷயமாக வீட்டு நிர்வாகத்துக்கு மறுபடி எழுதியிருக்கிறேன்.

நீங்கள் கேட்ட காரணம் இது. நேர்காணலில் அதிகாரியிடம் நீங்கள் சொன்னது: உங்கள் பக்கத்துக் கடைப் பெண் நொயெல்லாவைச் சிப்பாய்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். சந்தைப் பெண்கள் எல்லோரும் முகாம் வாசலில் போய் உட்கார்ந்தீர்கள். அவளை விடவில்லை என்றதும் கொமாண்டரின் முன்னால் நீங்கள் உடையை அவிழ்த்து நின்றீர்கள். தாய் வயதுப் பெண்ணின் நிர்வாணம் பார்த்தவன் தலையில் சாபமாக இறங்கும் என்பதால் சிப்பாய்கள் சிதறி ஓடினார்கள். அந்த அவமானத்துக்காகத்தான் கொமாண்டர் உங்களைக் கொல்லத் தேடுகிறான்.

அதற்கு முன்பே நாம் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தில், "வாசலில் நின்று குரல் எழுப்பினோம்" என்று மட்டும்தான் இருக்கிறது. உடையை அவிழ்த்த கதையை நீங்கள் பிற்பாடு சேர்த்துக்கொண்டீர்கள் என்கிறார் அதிகாரி. தேவாலயத்துக்குப் போகும் ஐம்பது வயதுப் பெண் இப்படிச் செய்வார் என்பதை நம்ப முடியாது என்றும் எழுதியிருக்கிறார். இரண்டும் முரண்படும்போது நீதிபதியும் நம்ப மாட்டார் என்பது என் கணிப்பு.

அன்புடன்,
நெரிஸ்


21 அக்டோபர்

நெரிஸுக்கு,

இந்தத் தடவை ஆசீர்வாதம் பூனைக்கு மட்டும்தான்.

எங்கள் தேவாலயத்தில் பாடுகிற கிளெமான்தீனுக்கு ஆங்கிலம் நன்றாக வரும். அவளை உட்கார வைத்து அந்த வாக்குமூலத்தை வரிவரியாகப் படிக்கச் சொன்னேன். அந்த இடம் வந்ததும் அவள் நிறுத்திவிட்டு, "அக்கா, இதுல நீங்க ஏதோ ஊர்வலத்துல கோஷம் போட்ட மாதிரில்ல இருக்கு?" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

நான் அன்று உன்னிடம் சொல்லாமலா இருந்தேன்? உன் அறையில் எழுந்து நின்று, இடுப்பில் சுற்றியிருந்த கித்தெங்கே துணியின் முடிச்சில் கை வைத்து, இப்படித்தான் அவிழ்த்தேன் என்று காட்டினேன். மொழிபெயர்த்த மனிதர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நீ காது வரை சிவந்தாய். பிறகு அவர் அந்த வாக்குமூலத்தைப் பேருந்து பிடிக்கப் போகிறவர் மாதிரி எனக்குப் படித்துக் காட்டினார். அந்த வரியில் என்ன படித்தார் என்பது ஆண்டவருக்கே வெளிச்சம்.

துப்பாக்கிகளுக்கு முன்னால் நின்றபோது எனக்கு வெட்கம் வரவில்லை. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த உனக்கு வந்துவிட்டது. நான் அவிழ்த்தேன், நீ எடுத்துச் சுற்றிவிட்டாய். இப்போது நீ சுற்றிவிட்ட துணியைக் காட்டித்தான் என்னைப் பொய்க்காரி என்கிறார்கள். அந்தத் துணி விழுந்ததால்தான் நொயெல்லா அன்றைக்கே உயிரோடு வீட்டுக்குப் போனாள். குரல் எழுப்பி யாரையும் மீட்கவில்லை நாங்கள்.

படிவத்தில் இதைத்தான் எழுதியிருக்கிறேன். உன் பெயரைப் போட்டே எழுதியிருக்கிறேன். நீதானே அனுப்ப வேண்டும், அனுப்பு. துணிச்சல் இருக்கிறதா பார்க்கிறேன்.

ஜெனரோஸ் நபிந்து


6 நவம்பர்

அன்புள்ள ஜெனரோஸ் அம்மா,

உங்கள் படிவத்தை அனுப்பிவிட்டேன். கூடவே என் கடிதம் ஒன்றையும் வைத்தேன். நீங்கள் எல்லாவற்றையும் அன்றே சொன்னீர்கள் என்றும், "குரல் எழுப்பினோம்" என்பது என் சொல் என்றும் அதில் எழுதியிருக்கிறேன். உங்கள் மானத்தைக் காப்பதாக நினைத்துக்கொண்டுதான் அப்படி எழுதினேன். கூச்சம் என்னுடையதாக இருந்தது.

அனுப்புவதற்கு முன் எங்கள் அலுவலகத்தின் மூத்த வக்கீல் ஹியூவிடம் காட்டினேன். "உனக்கென்ன பைத்தியமா நெரிஸ்?" என்றார். "நாம எடுக்குற மேல்முறையீட்டுல பாதியாவது ஜெயிக்கலன்னா சட்ட உதவி ஒப்பந்தமே கையவிட்டுப் போயிடும். இதுல உன் பேரும் சேந்து கெடும். அந்தம்மாவ வேற வக்கீலப் பாக்கச் சொல்லிடு."

"இந்த ஊர்ல இந்த வேலைக்கு வேற யாரு இருக்கா?" என்று கேட்டேன். அவர் தேநீர் போடப் போய்விட்டார். அவர் திரும்பி வருவதற்குள் நான் தபால் நிலையத்தில் இருந்தேன்.

என்மேல் கோபமாகவே இருங்கள், தப்பில்லை. ஆனால் பதில் எழுதுங்கள்.

நெரிஸ்


28 நவம்பர்

அன்புள்ள ஜெனரோஸ் அம்மா,

பரிசீலகர் என் முடிவைத் தூக்கிப் போட்டுவிட்டார். உங்களுக்குச் சட்ட உதவி உண்டு. என் முடிவு தோற்றதில் இவ்வளவு சந்தோஷம் எனக்கு எப்போதும் வந்ததில்லை.

ஆனால் உங்களுக்காக நான் வாதாட முடியாது. என் தவறே இப்போது வழக்கில் ஆதாரம், ஆகவே நான் சாட்சி. கார்டிஃபிலிருந்து கெதின் என்ற வழக்கறிஞர் வருவார், நல்லவர். அவரிடம் எல்லாவற்றையும் எழுந்து நின்றே சொல்லுங்கள். ஹியூ என்னை வீடு விற்கிற பத்திரங்கள் பார்க்கும் பிரிவுக்கு மாற்றிவிட்டார். இங்கே யாரும் யாரையும் பார்த்துச் சிவப்பதில்லை.

நீதிமன்றத்தில் பார்ப்போம்.

உங்கள்
நெரிஸ்


4 மார்ச் 2024

என் மகள் நெரிஸுக்கு,

ஆண்டவர் உன்னையும் உன் பூனையையும் பழையபடி சேர்த்தே காக்கட்டும்.

தீர்ப்பு இன்று காலை வந்தது. கிளெமான்தீன் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டினாள். ஜெயித்துவிட்டோம். என்னை யாரும் எங்கேயும் அனுப்ப முடியாது. நடுக்கூடத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பிறகு எழுந்து அந்த ஹீட்டரை ஓங்கி ஓர் உதை விட்டேன். அது ஓட ஆரம்பித்துவிட்டது.

விசாரணை அன்று நீ உள்ளே வந்தபோது நீதிபதி அம்மாவின் முகம் ஏன் அப்படிச் சிவந்திருந்தது என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். முடிவு தெரியாமல் அதை எழுத மனம் வரவில்லை, இப்போது சொல்கிறேன். சாட்சி என்பதால் உன்னை வெளியே உட்கார வைத்திருந்தார்கள். உள்ளே அரசு வக்கீல் என்னைக் குடைந்துகொண்டிருந்தார். "தேவாலயத்துக்குப் போற மரியாதையான பொம்பளைங்க யாராவது இப்படிச் செய்வாங்களா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. எனக்குத் துணையாக வந்திருந்த தேவாலயத்துப் பெண்கள்தான். முதலில் கிளெமான்தீன் எழுந்தாள், அப்புறம் பாஸ்டரின் மனைவி, அப்புறம் எல்லோரும். ஆளாளுக்கு இடுப்பிலிருந்த கித்தெங்கே முடிச்சின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

அரசு வக்கீல் காகிதங்களுக்குள் தலையை விட்டுக்கொண்டார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "வேண்டாம், எல்லாரும் உக்காருங்க. எனக்குப் புரிஞ்சிடுச்சு" என்றார்.

அதற்குப் பிறகுதான் உன்னைக் கூப்பிட்டார்கள். அந்த வரியை ஏன் மாற்றினாய் என்று கேட்டதற்கு, "எனக்கு வெக்கமா இருந்துச்சு" என்றாய். அரசு வக்கீல் விடாமல், "இத ஒத்துக்கறது உங்க வேலைக்கே ஆபத்தாச்சே?" என்றார். நீ மறுபடியும் காது வரை சிவந்தாய். ஆனால் தலையைக் குனியவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே, "ஆமா, ஆபத்துதான்" என்றாய். என் வயிற்றில் பிறக்காத பெண்ணைப் பார்த்து நான் பெருமைப்பட்டது அன்றுதான்.

ஹியூவிடம் சொல், ஜெயித்த கணக்கில் இது அவருக்குச் சேராது.

ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வா. சோம்பே கீரையும் சம்பாசா மீனும் செய்கிறேன், மீன் நாறத்தான் செய்யும், மூக்கைப் பிடிக்காமல் சாப்பிட வேண்டும். உனக்கென்று ஒரு கித்தெங்கே வாங்கி வைத்திருக்கிறேன், பச்சைத் துணியில் மஞ்சள் மீன் போட்டது. முடிச்சுப் போடுவது எப்படி என்று நான் சொல்லித் தருகிறேன். அவிழ்க்க நீயே கற்றுக்கொண்டாய்.

உன் அம்மா,
ஜெனரோஸ்