காப்பர்-டி வெளியே வந்தது

செவ்வாய், இரவு.

ஒருவழியாகக் காப்பர்-டி வெளியே வந்துவிட்டது. போன மாதம் அதை இழுத்தெடுக்கும் நூல் தெரியவில்லை என்று துழாவிய டாக்டர், "பொறுத்துக்கோம்மா" என்பதையே வலி மருந்தாகக் கொடுத்தார். பாதியில் மேசையிலிருந்து இறங்கி ஓடிவந்தேன்.

இன்று வேறு டாக்டர். "எங்க கம்பெனி அசெம்ப்ளி லைன்ல எதனா தப்பாச்சுன்னா யார் வேணா கயித்த இழுத்து லைன நிறுத்தலாம். இங்க நிறுத்த இன்னா மேடம் கீது?" என்று கேட்டேன்.

"வலிச்சா கைய தூக்கும்மா, நிறுத்திடறேன்."

தொட்டதுமே வலித்தது, தூக்கினேன். உடனே நிறுத்தி, மரத்துப்போக ஊசி போட்டார். ஊசி சுருக்கென்றது. பிறகு லேசான இழுப்பு, அவ்வளவுதான்.

திரும்பும் பஸ்ஸில் என் கணவர் இரண்டாவது குழந்தைக்குப் பெயர்களை அடுக்க ஆரம்பித்தார். கையைத் தூக்கினேன். அவர் நிறுத்தவில்லை; கண்டக்டர் விசில் ஊதி பஸ்ஸை நிறுத்திவிட்டார். இறங்கி, எங்கள் ஊர் பிள்ளைப்பாக்கம் வரை சிரித்துக்கொண்டே நடந்தோம், பெயர்களோடு.